பென்னாகரத்திலிருந்து மேடைக்கு: சிரிக்க வைப்பதைத் தொழிலாக எடுப்பவர்களுக்கு

தெருக்கூத்தில் துரியோதனன் களத்துக்கு வருவதற்கு முன்பே கோமாளி வந்துவிடுவார். ராஜா வருகிறார் என்று கட்டியம் சொல்வதுதான் அவர் வேலை. ஆனால் கூட்டம் அவருக்காகக் காத்திருப்பதற்குக் காரணம் வேறு. சந்தையில் ஆட்டுக்கு விலை பேசியது, கடைசி பஸ் நிற்காமல் போனது, ஓட்டு கேட்டு வந்தவர் அதன்பின் தலைகாட்டாதது எல்லாம் அவர் வாயிலிருந்துதான் வரும். பாரதக் கதைக்குள் ஊர்க்கதையை நுழைக்கவும், ராஜாவை நேருக்கு நேர் கிண்டல் செய்யவும் அந்தக் களத்தில் உரிமை உள்ளவர் அவர்தான். விடிய விடிய நடக்கும் கூத்தில் தூங்கி விழுகிறவர்களை எழுப்பி உட்கார வைப்பதும் அவர் பொறுப்பு.

ஆகவே தருமபுரி மாவட்டத்தின் பென்னாகரத்திலோ ஏரியூரிலோ பாப்பாரப்பட்டியிலோ வளர்ந்த ஒருவர், "ஸ்டாண்ட்-அப் எல்லாம் சென்னை, பெங்களூரு சமாசாரம், நமக்கு எப்படி ஒத்துவரும்?" என்று தயங்கத் தேவையில்லை. எதிரே கூட்டம், தனியாக ஓர் ஆள், பேசுவது அன்றாட வாழ்க்கை. இந்த வேலை இந்த வட்டாரத்தில் வெகுகாலமாக நடந்துவருகிறது. இதைத் தொழிலாக்கி, ஐந்து நிமிடக் கைத்தட்டலோடு நின்றுவிடாமல் இருபது, முப்பது வருடம் நிலைத்திருப்பது எப்படி என்பதுதான் விஷயம். அதற்கு எனக்குத் தெரிந்த பதில், ஊரைப் பார்க்கும் கண்ணை மழுங்க விடாமல் வைத்திருப்பது. மற்றதெல்லாம் அதற்கு அடுத்துத்தான்.

முதல் பாடம் தகடூரில் இருக்கிறது

இன்றைய தருமபுரியான தகடூரின் அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போன ஔவையார், அவனுடைய ஆயுதச் சாலையைப் பார்த்துவிட்டுச் சொன்னது புறநானூற்றின் 95ஆவது பாட்டாக இருக்கிறது. உன் ஆயுதங்கள் மாலை சூட்டி, நெய் பூசி, காவலோடு பளபளக்கின்றன. எங்கள் அரசனுடையவை போரில் முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்பது அதன் சாரம். அதில் ஒரு வசைச்சொல்கூட இல்லை. கண்ணில் பட்ட இரண்டு காட்சிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார், அவ்வளவுதான். தொண்டைமான் போர்க்களம் அறியாதவன் என்பது கேட்பவருக்குத் தானாக விளங்கிவிட்டது. தருமபுரி மண்ணோடு சேர்ந்த நகைச்சுவையில் இதைவிடப் பழையதோ கூர்மையானதோ எனக்குத் தெரிந்து இல்லை.

இன்றைக்கு மேடை ஏறுகிறவருக்கும் வழி இதுதான். ஒரு சிறிய நோட்டு எப்போதும் சட்டைப் பையில் இருக்கட்டும். செல்போனில் குரலாகப் பதிந்துகொண்டாலும் சரி. அதில் உங்கள் கருத்தை எழுதாதீர்கள். பார்த்ததையும் கேட்டதையும் மட்டும் எழுதுங்கள். "ஊர்க்காரர்கள் வெள்ளந்தி" என்று எழுதினால் அதிலிருந்து ஒரு சிரிப்பும் பிறக்காது. ஒகேனக்கல் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் போனில் சொன்ன வாக்கியத்தை அப்படியே எழுதி வைத்தால் அது ஒரு நாள் கைகொடுக்கும்.

எழுத விஷயம் இல்லை என்று பென்னாகரத்தில் யாரும் சொல்ல முடியாது. பதினைந்து இருபது கிலோமீட்டரில் ஒகேனக்கல். மீனை வாங்கிக் கொடுத்தால் சமைத்துத் தரும் அம்மாக்கள், எண்ணெய் மசாஜுக்கு ஆள் பிடிப்பவர்கள், பரிசலில் ஏறும்வரை வீரம் பேசிவிட்டு நடு ஆற்றில் சத்தமே இல்லாமல் போகும் வெளியூர் குடும்பங்கள். பண்டிகைக்குப் பெங்களூரிலிருந்து வந்திறங்கும் கட்டட வேலைக்காரர்கள் பேச்சுக்கு நடுவே கன்னடம் கலப்பது. ஒரே தெருவில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் சண்டை போடாமல் புழங்குவது. 2010 மார்ச் இடைத்தேர்தலின்போது மாநில அரசியல் முழுவதும் இந்தச் சின்ன ஊரில் வந்து தங்கியிருந்ததே, அதை நினைவு வைத்திருக்கும் டீக்கடைக்காரர் ஒருவரிடம் அரை மணி நேரம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். ஒரு முழு நிகழ்ச்சிக்குச் சரக்கு கிடைக்கும்.

ஒரு மூத்தவரின் கதை

தமிழ்நாட்டில் கவனிப்பு நகைச்சுவையை மாவட்டம் மாவட்டமாகக் கொண்டுபோனவர்களில் திண்டுக்கல் ஐ. லியோனியை விட்டுவிட்டுப் பேச முடியாது. பள்ளி ஆசிரியராக இருந்து பட்டிமன்ற மேடைக்கு வந்தவர். பழைய பாடலா, புதிய பாடலா என்று தலைப்பு வைத்து, சினிமாப் பாட்டைப் பாடிக்காட்டி, அதற்குள் மாமியார் வீட்டையும் ரேஷன் கடையையும் கொண்டுவந்து வைத்தார். தொண்ணூறுகளில் அவருடைய ஒலிநாடாக்கள் டீக்கடையிலும் தனியார் பஸ்ஸிலும் ஓடாத ஊர் குறைவு. திருவிழா மேடைக்கு எதிரே மண் தரையில் உட்கார்ந்த கூட்டம்தான் அவரை வளர்த்தது.

அவரிடமிருந்து தொழில்முறையில் எடுத்துக்கொள்ள நிறைய இருக்கிறது. கூட்டம் ஏற்கெனவே மனப்பாடமாக வைத்திருக்கும் ஒன்றை, அவருடைய வழக்கில் பாட்டை, எடுத்துக்கொண்டு அதில் யாரும் கவனிக்காத ஒரு மூலையைக் காட்டுவார். முன்கதை சொல்லி நேரத்தை வீணாக்க வேண்டிய அவசியமே வராது. தெரிந்த பொருள், தெரியாத கோணம். இந்த வாய்ப்பாடு இன்றும் செல்லும். சாஃப்ட்வேர் வேலையை விட்டு மேடைக்கு வந்த அலெக்சாண்டர் பாபு, தமிழ்த் திரையிசையையே எடுத்துக்கொண்டு பாடிப் பேசி அரங்கைக் கட்டிப்போட்டது 2019இல் அமேசான் பிரைமில் வெளிவந்தது. வேறு தலைமுறை, வேறு மேடை. அடியில் இருப்பது அதே வாய்ப்பாடு.

அதே லியோனி 2021 சட்டமன்றத் தேர்தலில் தொண்டாமுத்தூர்ப் பிரசாரத்தில் பெண்களின் உடல்வாகைப் பற்றிப் பேசியது காணொளியாகப் பரவி, மாநிலம் முழுவதும் கண்டனம் எழுந்தது. அந்த ஆண்டு அவர் பாடநூல் கழகத் தலைவராக நியமிக்கப்பட்டபோது இந்தப் பேச்சை முன்வைத்தே எதிர்ப்பும் வந்தது. பல பத்தாண்டு உழைப்பால் வந்த பெயருக்கு எதிரே ஒரு நிமிடக் காணொளி வந்து நின்றது. மேடைத் தொழில் செய்ய நினைப்பவர்கள் இதைக் கட்சிக் கண்ணாடி இல்லாமல் பார்க்க வேண்டும். பெண்ணின் உடல், நிறம், பருமன், சாதி, ஊனம் ஆகியவற்றை வைத்துச் சிரிப்பு வாங்குவது பழைய பட்டிமன்றத்திலும் டிவி காமெடியிலும் கேள்வி கேட்பாரற்று நடந்தது. அது கவனித்துப் பிறந்த நகைச்சுவை கிடையாது. கண்ணை மூடிக்கொண்டு யார் வேண்டுமானாலும் சொல்லக்கூடியது. தன் கண்ணை நம்பிப் பிழைக்கும் ஒரு கலைஞர் அதைச் சொல்லும்போது தன் தொழிலையே ஒரு நிமிடம் கைவிடுகிறார். கூட்டம் மாறிவிட்டது என்று சிலர் வருத்தப்படுகிறார்கள். மாறியது நல்லதுக்குத்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. முன்பு வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்த பாதிக் கூட்டம் இப்போது வாய் திறந்து பேசுகிறது.

சிரிப்பு வாயில் மட்டும் இல்லை

பென்னாகரத்தில் பேசப் போகிறவர் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று இருக்கிறது. தருமபுரி மாவட்டத்தின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். அதைக் குடித்து வளர்ந்தவர்களின் பற்களில் பழுப்புக் கறை படிந்திருக்கும். இந்தப் பாதிப்பைத் தீர்க்கத்தான் ஜப்பான் கடனுதவியோடு 1,900 கோடி ரூபாய்க்கு மேல் செலவில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்து, 2013இல் தொடங்கி வைக்கப்பட்டது. ஆனால் அதற்கு முன்பே பல் முளைத்தவர்கள் நம் எதிரே உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களில் பலர் கையாலோ துண்டாலோ முந்தானையாலோ வாயை மறைத்துக்கொண்டுதான் சிரிப்பார்கள்.

வெளியூரிலிருந்து வரும் பேச்சாளர் இதைப் பார்த்துவிட்டு "இந்த ஊரில் எடுபடவில்லை" என்று முடிவு கட்டிவிடுவார். வேகத்தைக் கூட்டுவார், சத்தத்தைக் கூட்டுவார், கடைசியில் இரட்டை அர்த்தத்துக்குப் போவார். உள்ளூர்க்காரர் செய்ய வேண்டியது தோளைப் பார்ப்பது. தோள் குலுங்குகிறதா, பக்கத்து ஆளைத் தொட்டு ஏதோ சொல்கிறார்களா, கண் சுருங்குகிறதா என்று பார்த்தால் போதும். அங்கே ஒரு மூச்சு நிறுத்துங்கள். சிரித்து முடிக்க இடம் கொடுங்கள். அடுத்த வரியைப் பழைய சிரிப்பின் மேல் ஏற்றிவிடுவதுதான் புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் செய்வது.

பல்லைப் பற்றி ஒரு வார்த்தை ஜோக்கில் வரக்கூடாது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. தண்ணீர் வராத குழாயைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசுங்கள்.

மற்றக் கூட்டங்களும் ஒவ்வொரு விதம். திருவிழாவில் எவரும் உங்களுக்காக வந்தவர் இல்லை. சாமி கும்பிட வந்தவர், பலூன் வாங்க வந்தவர், சும்மா நிற்பவர். அவரை முதல் இரண்டு நிமிடத்தில் நிறுத்த வேண்டும். டிக்கெட் வாங்கி வரும் சிறிய அரங்கில் சிரிக்கவே வந்திருப்பார்கள். அந்தச் சிரிப்பை முழுவதும் நம்பி ஒரு ஜோக்கை "ஹிட்" என்று எழுதி வைக்காதீர்கள். கம்பெனி ஆண்டு விழாவில் ஊழியர்கள் முதலில் மேலதிகாரியின் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் சிரிப்பார்கள். ஆகவே அவரை முதலில் சிரிக்க வைத்தாக வேண்டும், அவரைப் பற்றிய ஜோக்கே சொல்லாமல். நான்கு விதக் கூட்டத்திலும் ஒரே ஜோக்கைச் சொல்லிப் பாருங்கள். மூன்றில் நின்றால்தான் அது உங்கள் சொத்து.

எங்கே ஏறுவது

ஐந்து நிமிடத்துக்கு எழுதுங்கள், அரை மணிக்கு எழுதாதீர்கள். அந்த ஐந்து நிமிடத்தைச் சொல்லப் பக்கத்திலேயே இடம் உண்டு. பள்ளி ஆண்டு விழா, கல்யாண வரவேற்பு, பொங்கல் விளையாட்டுப் போட்டி இடைவேளை, தருமபுரி புத்தகத் திருவிழா. ஒகேனக்கல்லில் அரசு நடத்தும் ஆடிப்பெருக்கு விழாவில் கலை நிகழ்ச்சிகள் உண்டு. உள்ளூர் ஆட்களுக்கு இடம் இருக்கிறதா என்று விழாவுக்குப் பல மாதம் முன்பே போய்க் கேட்க வேண்டும். பட்டிமன்றக் குழுவில் ஓர் அணியின் மூன்றாவது பேச்சாளராகச் சேர முடிந்தால் விடாதீர்கள். உங்களுக்கு முன்னால் பேசியவர் கூட்டத்தைச் சூடாக்கியோ ஆற்றியோ வைத்திருப்பார். இரண்டு நிலையிலும் பேசிப் பழகலாம்.

அடுத்த படி பெங்களூரு. நம் ஊருக்குச் சென்னையைவிட அது பக்கம், அங்கே தமிழ்க் கூட்டமும் இருக்கிறது. பெங்களூரில் இருந்தபடியே தமிழிலும் ஆங்கிலத்திலும் குடும்ப வாழ்க்கையை வைத்து நிகழ்ச்சி நடத்திப் பெயர் வாங்கியவர் பிரவீன் குமார். 2020இல் வெளிவந்த தமிழ் ஸ்டாண்ட்-அப் போட்டி நிகழ்ச்சியில் நடுவராக இருந்தவர். ஓப்பன் மைக் எனப்படும் புதியவர் மேடைகளில் பணம் கிடைக்காது. பஸ் காசு உங்களுடையது. ஆனால் ஒரே இரவில் பத்துப் பேர் பேசுவதைக் கேட்கலாம். எல்லோரும் ஒரே விஷயத்தைப் பேசுவதும் தெரியும்: டிராஃபிக், டேட்டிங், மேனேஜர். அந்த வரிசையில் பரிசல்காரரையும் பட்டுக்கூடு ஏலத்தையும் பேசும் ஒருவர் எழுந்தால் அறை நிமிர்ந்து உட்காரும்.

டிவி வாய்ப்பை வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். 2005இல் விஜய் டிவியில் தொடங்கிய கலக்கப் போவது யாரு, சென்னைக்கு வெளியே இருந்து வந்த எத்தனையோ பேருக்குக் கதவைத் திறந்தது. திருச்சிப் பொறியியல் மாணவர் சிவகார்த்திகேயன் அந்த வழியாக வந்தவர்தான். ஆனால் அந்த மேடை பெரும்பாலும் மிமிக்ரிக்கும் சில நிமிட வேகத்துக்கும் பழக்கியது. அதிலேயே நின்றுவிட்டால் நடிகர் குரல் உங்களிடம் இருக்கும், உங்கள் குரல் இருக்காது. போய் வாருங்கள், தங்கிவிடாதீர்கள்.

பெண்களுக்கு ஒரு வார்த்தை. கூத்துக் களத்தில் பெண் வேடத்தையும் பெரும்பாலும் ஆண்களே கட்டினார்கள். அந்தக் களத்திலிருந்து உங்களுக்கு முன்மாதிரி கிடைப்பது அரிது. ஆனால் பாரதி பாஸ்கர் போன்றவர்கள் பட்டிமன்ற மேடையில் சிரிப்பையும் சிந்தனையையும் சேர்த்து நிறுத்திக் காட்டியிருக்கிறார்கள். இந்த வட்டாரத்துச் சமையலறையையும் நூறு நாள் வேலைக் களத்தையும் ஒரு பெண் உள்ளிருந்து பார்த்துச் சொன்னால், அது இதுவரை யாரும் சொல்லாத சரக்காக இருக்கும். இரவுப் பயணத்துக்கு வண்டியும், திரும்பி வரும் ஏற்பாடும் அழைக்கிறவர் பொறுப்பு என்று முதலிலேயே கறாராகப் பேசிவிடுங்கள்.

வயிற்றுப்பாடு

இந்தத் துறையின் பெரியவர்களை வரிசையாகப் பாருங்கள். சாலமன் பாப்பையா மதுரை அமெரிக்கன் கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியராக இருந்தவர்; 2021இல் பத்மஸ்ரீ பெற்றவர். பாரதி பாஸ்கர் வங்கி வேலை பார்த்தவர். லியோனி ஆசிரியர். கிரேசி மோகன் கிண்டியில் பொறியியல் படித்து, கம்பெனி வேலையில் இருந்தபடி நாடகம் எழுதிப் பிறகுதான் முழுநேரமாக வந்தார். மாதச் சம்பளம் ஒன்று பின்னால் இருந்ததால்தான் இவர்களால் வேண்டாத நிகழ்ச்சியை மறுக்க முடிந்தது. வேலையை விட்டுவிட்டு மேடைக்கு வா என்று உசுப்பேற்றும் பேச்சை நம்பாதீர்கள். மேடை வருமானம் ஒரு வருடம் முழுக்கச் சம்பளத்துக்குச் சமமாக வந்தபின் யோசிக்கலாம்.

நிகழ்ச்சிக்குப் பாதிப் பணம் அட்வான்ஸ் வாங்காமல் தேதி கொடுக்காதீர்கள். நேரம், பேச வேண்டிய நிமிடம், மைக், பயணச் செலவு, தங்குமிடம், யார் வீடியோ எடுக்கலாம் என்பதெல்லாம் வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் இருக்கட்டும். வீடியோ முக்கியம். நீங்கள் பத்து மாதம் செதுக்கிய அரை மணி நேரத்தை யாரோ ஏற்றிவிட்டால், அடுத்த ஊரில் அதே சரக்கு பழசாகிவிடும். கம்பெனி நிகழ்ச்சிகளில் பெரும்பாலும் 10 சதவீதம் வருமான வரியாகப் பிடித்துக்கொண்டு மீதியைத் தருவார்கள். கணக்குத் தாக்கல் செய்தால் வரி வரம்புக்குள் இருப்பவர்களுக்கு அது திரும்பக் கிடைக்கும். பலர் இதைத் தெரியாமலே விட்டுவிடுகிறார்கள்.

கூத்துக் குழுவில் கோமாளி வேடம் கட்டுகிறவர்களும் வில்லுப்பாட்டுக் கலைஞர்களும் நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் பதிவு செய்துகொள்வது அவசியம். கலை பண்பாட்டுத் துறை மாவட்ட அளவில் வயதுவாரியாக விருது தருகிறது: 18 வயதுக்குள் கலை இளமணி, அடுத்து கலை வளர்மணி, கலைச் சுடர்மணி, கலை நன்மணி, 66 வயதுக்கு மேல் கலை முதுமணி. பணம் சிறிதுதான். ஆனால் அந்தச் சான்றிதழ் அரசு விழா மேடைகளில் கதவைத் தட்ட உதவும்.

சட்டத்தையும் கொஞ்சம் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கிக்குத் தடை உண்டு. சில விழா நாட்களுக்கு மாநில அரசு நள்ளிரவு வரை தளர்வு தரலாம். உங்கள் முறை கடைசி என்றால் மைக் அணைந்துபோக வாய்ப்பு இருக்கிறது. ஒன்பது மணிக்கு முன் இடம் கேட்டு வாங்குங்கள். ஸ்டாண்ட்-அப் கலைஞர் முனவர் ஃபரூக்கி 2021 ஜனவரி 1 அன்று இந்தூரில் கைது செய்யப்பட்டு ஒரு மாதத்துக்கு மேல் சிறையில் இருந்த பிறகுதான் உச்ச நீதிமன்றத்தில் ஜாமீன் கிடைத்தது. பயப்படுத்த இதைச் சொல்லவில்லை. நீங்கள் பேசிய ஒவ்வொரு நிகழ்ச்சியின் முழு ஒலிப்பதிவும் உங்களிடம் இருக்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். வெட்டி ஒட்டிப் பரப்புகிறவர்களுக்கு எதிராக உங்களுக்கு இருக்கும் சாட்சி அதுதான்.

பழைய ஜோக்கை விடுவது

நிலைத்து நிற்பவர்களையும் மறைந்துபோனவர்களையும் பிரிப்பது இந்த ஒரு காரியம்தான். அமெரிக்க நகைச்சுவைக் கலைஞர் ஜெர்ரி சைன்ஃபெல்ட் தன் பெயரிலான டிவி தொடரை 1998இல் உச்சத்தில் முடித்துக்கொண்டு, அதுவரை மேடையில் சொன்ன ஜோக்குகளை எல்லாம் கடைசியாக ஒருமுறை சொல்லி ஓரங்கட்டினார். பிறகு சின்ன கிளப்புகளில் புதிய சரக்கோடு திணறியதை 2002இல் வந்த ஆவணப்படம் காட்டியது. உலகம் அறிந்த முகம், வரியை மறந்து மேடையில் முழிக்கிறது. அந்தப் படத்தைத் தேடிப் பாருங்கள்.

பத்து வருடம் ஓடிய ஜோக்கை விட மனம் வராது என்பது உண்மை. கூட்டமே அதைக் கேட்கும். ஆனால் ஊர் நிற்பதில்லை. மினிபஸ் ஜோக் இருந்த இடத்தில் ஷேர் ஆட்டோ வந்துவிட்டது. தண்ணீர்க் குடத்தோடு நடந்த பெண்ணின் பேத்தி கோயம்புத்தூரில் படிக்கிறாள். அவளுக்கு உங்கள் பழைய வரியில் வேலை இல்லை. கூத்துக் கோமாளி இதை நமக்கு முன்பே அறிந்தவர். துரியோதனன் படுகளக் கதை மாறாது. ஆனால் அவர் சொல்லும் ஊர்க்கதை ஒவ்வொரு வருடமும் புதிதாக இருந்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் முன்வரிசைப் பாட்டியே எழுந்து "போன வருசம் சொன்னதுதானே" என்று கேட்டுவிடுவார்.

இந்த வட்டாரத்துக் கூத்துக் குழுக்களில் மூத்த கோமாளிகள் இன்னும் வேடம் கட்டுகிறார்கள். மேடைக்கு வர நினைப்பவர்கள் பெங்களூரு பஸ் ஏறுவதற்கு முன், வரும் திருவிழாக் காலத்தில் ஒரு கூத்தைத் தொடக்கம் முதல் விடியும்வரை முன்வரிசையில் உட்கார்ந்து பாருங்கள். முடிந்ததும் வேடம் கலைக்கும் இடத்துக்குப் போய் அந்தப் பெரியவரிடம் பேசுங்கள். அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து, எந்த இடத்தில் கூட்டம் கைவிட்டுப் போனது, எப்படித் திரும்பக் கொண்டுவந்தார் என்று கேளுங்கள். கேட்டதை அன்றைக்கே எழுதி வையுங்கள்.